மூலை இல்லாத பத்திரிகை

மேடையில் ஒரு சொல் தவறினால் அடுத்த வாக்கியத்தில் அதைச் சரிக்கட்டிவிடலாம். அவையின் கவனம் அதற்குள் அடுத்த வாதத்துக்குப் போயிருக்கும். பள்ளிக் காலத்திலிருந்தே பட்டிமன்ற மேடைகளில் நின்று பழகிய எனக்கு இந்த ஒரு நம்பிக்கை எப்போதும் துணையாக இருந்தது. அச்சுத் தொழிலுக்கு வந்த பின் அது என்னைவிட்டுப் போயிற்று. அச்சகத்தில் நேர்ந்த பிழை கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டு, பெட்டியில் அடைக்கப்பட்டு, வீடு வீடாகப் போய்ச் சேரும். அதைத் திருப்பி அழைக்க எந்தக் குரலுக்கும் வலிமை இல்லை.

கல்லூரியின் தமிழ் மன்றத்துக்கு நான் செயலாளராக இருந்தேன். விழா அழைப்பிதழ்களில் ஒவ்வொரு முறையும் அதே மயில், அதே தாமரை, அதே கூப்பிய கைகள். உள்ளே நாங்கள் பேசப்போகும் பேச்சின் தரத்துக்கும் அந்தத் தாளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. கோரிப்பாளையத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை ஒன்றில், வரைகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "அந்த எழுத்தைச் சின்னதாக்குங்க அண்ணே, இந்த மயிலை எடுத்திருங்க அண்ணே" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒருநாள் எழுந்து, "நீயே உக்காந்து பாரும்மா, எனக்குக் கழுத்து வலிக்குது" என்றார். உட்கார்ந்தவள் எழவே இல்லை.

படிப்பு முடிந்ததும் ஆனையூர் வீட்டின் முன்னறையில் கணினியை வைத்துத் தொழிலைத் தொடங்கினேன். "பேசத் தெரிஞ்ச பிள்ளை கோர்ட்டுல போய்ப் பேசணும். தாளுக்குப் பூப்போடுறதுக்கு எதுக்கு இம்புட்டு வாய்?" என்பது என் தந்தையின் கேள்வி. காதணி விழா, புதுமனை புகுவிழா, பிறந்தநாள் என்று சில வேலைகள் வந்தன. கல்யாணப் பத்திரிகை மட்டும் வரவில்லை. அது வந்தால்தான் ஊர் என்னைத் தொழில் செய்கிறவளாக ஒப்புக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

வந்தது என் எதிரணியிலிருந்து. கல்லூரி மேடைகளில் எனக்கு எதிராகவே பேசிப் பேசித் தோழியானவள். இப்போது பெங்களூரில் வேலை; அவளுக்குத்தான் கல்யாணம். அவளுடைய குடும்பம் டி. கல்லுப்பட்டிக்கு அருகே கரிசல் நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். "எல்லாரும் கொடுக்கிற மாதிரி வேணாம்டி. வாங்குனவங்க பிரிச்சுப் பார்த்துட்டு டிவி மேல தூக்கிப் போடக் கூடாது. கையிலயே வச்சுக்கிட்டு இருக்கணும்" என்றாள்.

நான் வட்டமாக ஒன்றைச் செய்தேன். விரித்த உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, தடித்த பருத்தித் தாள். அதில் அரக்கு நிற எழுத்து. நடுவில் மணமக்கள் பெயரும் முகூர்த்தமும். உறவினர் பெயர்கள் எல்லாம் விளிம்பைச் சுற்றி ஒரே வளையமாக ஓடும். படிக்க வேண்டுமானால் அட்டையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதில் அண்ணன் தம்பிகள் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். வட்டத்துக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அந்த யோசனை தோன்றிய அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாதிரியை அவளுக்கும் அவள் தந்தைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வெறும் வட்டத்தைப் படமாக அனுப்ப முடியாது. ஆகவே வெளிர் சந்தன நிறச் சதுரத்தின் நடுவே அந்த வட்டத்தை வைத்து அனுப்பினேன். அவளிடமிருந்து இதயம் வந்தது. தந்தையிடமிருந்து கட்டை விரலும் கூப்பிய கைகளும் வந்தன. அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

குலசாமியின் முன் முதல் பத்திரிகையை வைப்பதற்கு முதல் நாள், அவள் தந்தை கோரிப்பாளையத்து அச்சகத்துக்கு வந்தார். நானும் போயிருந்தேன். பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். முன்னும் பின்னும் பார்த்தார். பெட்டிக்குள் மறுபடியும் கைவிட்டுத் துழாவினார்.

"என்ன தாயி, ரொட்டி மாதிரி நடுவுல மட்டும் இருக்கு? மிச்சம் எங்க?"

"இதுதான் முழுசுப்பா."

"சுத்திச் சந்தனக் கலர்ல இருந்துச்சே?"

"அது போன்ல பார்க்கிறதுக்காக வச்சதுப்பா. பத்திரிகையே வட்டம்தான்."

அவர் ஆள்காட்டி விரலை நீட்டி, அட்டையின் விளிம்பில் ஓரிடத்தில் வைத்தார், எடுத்தார், இன்னோரிடத்தில் வைத்தார். "மூலையே இல்லையே தாயி. மஞ்சளை எங்க வைக்க?"

நாலு மூலையிலும் மஞ்சள் தடவாத கல்யாணப் பத்திரிகையை நான் வாழ்நாளில் கண்டதில்லை. எத்தனையோ பத்திரிகைகளை வாங்கி, விரலில் ஒட்டிய மஞ்சளைத் துடைத்திருக்கிறேன். ஆனால் தாளின் தடிமன், மையின் நிறம், எழுத்தின் வளைவு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்த வேளையில் அந்த விரல் என் நினைவுக்கு வரவில்லை.

கையில் இருந்த ஒரே கருவியை எடுத்தேன்: பேசினேன். சூரியன் வட்டம், பௌர்ணமி வட்டம், நெற்றிப் பொட்டு வட்டம், சீர்வரிசைத் தாம்பாளம் வட்டம், மணமக்கள் வலம் வரும் பாதையும் வட்டம். தொடக்கமும் முடிவும் இல்லாத உறவுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் உண்டா என்று முடித்தேன். அவர் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அச்சக உரிமையாளரான பாய்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எம்புட்டு அழகாப் பேசுது பாருங்க பாய்!" என்றார் அவள் தந்தை, உண்மையான மகிழ்ச்சியோடு. பிறகு என் பக்கம் திரும்பி, "அது சரி தாயி. மஞ்சள்?" என்றார்.

உறையின் மூலைகளில் வைக்கலாமே என்றேன். "உறைக்கு மஞ்சள் வச்சா உறைக்குத்தான் கல்யாணம்" என்றார்.

அவர் மைத்துனருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். மணமகளின் தாய்மாமன் அவர். ஊரில் உரக்கடை வைத்திருப்பவர். சாமி முன் வைத்த பத்திரிகையை முதலில் கைநீட்டி வாங்க வேண்டியவரும் அவர்தான்.

"மாப்ள, பத்திரிகை வட்டமா வந்திருக்கு."

"வட்டமான்னா?"

"வட்டமான்னா வட்டம்தாம்ப்பா. மூலை கிடையாது."

கடைக்குள் யாரோ யூரியா மூட்டை கேட்பது காதில் விழுந்தது. "மச்சான், மூலை இல்லாததுக்குப் பேரு பத்திரிகை இல்ல. டீ கிளாஸுக்கு அடியில வைக்கிற அட்டை. அதை எங்கையில கொடுத்தா நான் வாங்க மாட்டேன், ஆமா. மூலை வச்ச கார்டா கடையில பார்த்து அடிங்க. இதைப் பெங்களூர்க்காரங்களுக்குக் கொடுத்துக்கிறட்டும்."

போனை வைத்த பின் அவள் தந்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் கலக்கமாக இருந்தது. "காலையில கோயில்ல பார்ப்போம் தாயி. அவன் வாங்கிட்டா இதுதான் பத்திரிகை. வாங்கலைன்னா ஊருக்குள்ள இது போகாது. ரெடிமேட் கார்டுதான் அடிக்கணும்."

தோழியைப் போனில் அழைத்துச் சொன்னேன். "ஏண்டி, வாதாடி ஜெயிக்க மாட்டியா?" என்றாள்.

"ஜெயிச்சுட்டேன். அதுக்குப் பெறகும் மஞ்சள் வைக்க இடம் இல்ல."

பெங்களூர் அலுவலக நண்பர்களுக்கு மட்டும் போகும் அட்டை. ஊருக்கும் உறவுக்கும் வேறொன்று. அப்படி நடந்தால் நான் செய்தது ஒரு விளையாட்டுப் பொருள். என் தந்தையின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்காது. அச்சகத்தின் பின்பக்கம் போய் நின்றேன். அங்கே வட்டங்களை வெட்டி எடுத்த பின் மிஞ்சிய தாள்கள், நடுவில் ஓட்டையோடு கழிவுக் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் நாலு மூலை இருந்தது. கசங்காத ஒன்றைத் தேடி எடுத்து, ஓர் அட்டையை அதன் ஓட்டைக்குள் பொருத்தி, பின்னால் நாடா ஒட்டினேன். தொலைபேசியில் அவர்கள் பார்த்த படத்தைப் போலவே இருந்தது. சந்தன நிறம்தான் இல்லை.

"அல்லா உன்னைக் காப்பாத்தட்டும்மா" என்றார் பாய். "ஒருத்தருக்கு இது போதும். மத்ததுக்கு?"

மற்றதைப் பற்றி நினைக்க எனக்குத் துணிவு இல்லை.

காலையில் டி. கல்லுப்பட்டிப் பேருந்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு, அட்டை நழுவாமல் இருக்கிறதா என்று விரலால் தடவியபடியே போனேன். என்ன பேசுவது என்று மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தேன். பட்டிமன்றத்தில் எதிரணி என்ன சொல்லும் என்று ஊகிக்கலாம். நடுவர் எதை ரசிப்பார் என்றும் தெரியும். உரக்கடைக்காரர் ஒருவர் எதற்கு இளகுவார் என்பது எனக்குத் தெரியவில்லை. திருமங்கலம் தாண்டும்போது அடுக்கிய வாக்கியங்கள் எல்லாம் கலைந்துபோயின.

காட்டுக்கு நடுவே சிறிய கோயில். அவள் தந்தையும் தாயும் காரில் வந்திருந்தார்கள். பத்திரிகைக் கட்டு ஒன்று பின்சீட்டில் இருந்தது. தாய்மாமன் வரமாட்டார் என்று அஞ்சினேன். எங்களுக்கு முன்பே வந்து, வேப்ப மரத்தடியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் நீட்டியதை வாங்கி, தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மூலை இருக்குல்ல மாமா?" என்றேன். "ரெண்டும் ஒரே தாள்ல இருந்து வெட்டுனதுதான்."

"கட்டிக் கொடுத்த பொண்ணு பின்னாலயே பிறந்த வீட்டையும் ஒட்டி அனுப்புன மாதிரியில்ல இருக்கு" என்றார். ஆனாலும் திருப்பித் தரவில்லை.

அவள் தாய் பித்தளைக் கிண்ணத்தில் குழைத்த மஞ்சளை நாலு மூலையிலும் வைத்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. அவற்றின் மேல் பத்திரிகை. பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பூசாரி திரும்பி வந்தபோது அவர் கையில் நடுவில் ஓட்டை உள்ள வெளிச்சட்டம் மட்டும் தனியாக இருந்தது. "இந்தாங்கப்பா, சுத்தியிருந்த அட்டை" என்று தாய்மாமனிடம் நீட்டினார். கசங்காமல் வருவதற்காக ஒட்டிய அட்டை என்று எண்ணிப் பிரித்திருக்கிறார். மஞ்சள் பூசிய நாலு மூலையும் தாய்மாமன் கையில். மஞ்சளே படாத வட்டம் சாமியின் காலடியில்.

"ஐயா, மஞ்சள் அதுலதான் இருக்கு!" என்றார் அவள் தாய்.

"அதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்றார் பூசாரி.

பேசியிருக்க வேண்டியவள் நான். ஒரு சொல்லும் வரவில்லை. தாய்மாமன் சட்டத்தின் ஓட்டை வழியாக என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை மணமகளின் தாயான தம் அக்காவிடம் கொடுத்துவிட்டு, "அந்த வட்டத்தைக் கொண்டாங்க" என்றார்.

வாங்கி, விளிம்பைப் படிக்கத் தொடங்கினார். படிக்கப் படிக்க அட்டை அவர் கையில் சுழன்றது.

"ஸ்டீரிங் பிடிக்கிறான் பாரு" என்று முணுமுணுத்தார் அவள் தந்தை.

பெரியப்பாக்களின் பெயர்கள் வந்து போயின. அத்தைமார் பெயர்கள் வந்து போயின. சுழற்சி நின்றது. அவர் தம் பெயரைக் கண்டுவிட்டார். நிமிர்த்திப் பிடித்தார். நடுவில் மணமக்கள் பெயர்கள் சாய்ந்து கிடந்தன. உச்சியில் அவர் பெயர் நேராக நின்றது.

"எம்பேருதான் மேல இருக்கு."

"அப்படித் திருப்புனா எம்பேருந்தான் மேல வரும்" என்றார் அவள் தந்தை.

"உங்க கையில இருக்கிறப்ப வரட்டும் மச்சான். இப்ப எங்கையில இருக்கு."

கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, தம் பெயருக்கு மேலே மஞ்சளை அழுத்தி வைத்தார். "ஒண்ணோட விட்டா எப்படி தம்பி? நாலு வைக்கணும்ல" என்றார் அக்கா. "மிச்சத்தை நீயே எதுத்தாப்புல பார்த்து வை. பங்காளிங்க பேரை விட்டுறாத, எங்கூடச் சண்டைக்கு வருவாங்க" என்று தாய்மாமன் அட்டையை அவரிடம் நீட்டினார். அக்கா வைத்து முடித்ததும் அட்டை மீண்டும் சாமியின் காலடிக்குப் போய், திருநீற்றோடு திரும்பி வந்தது. தாய்மாமன் இரண்டு கைகளாலும் வாங்கி, கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"கட்டைப் பிரி தாயி. நம்ம தெருவுல இருந்தே ஆரம்பிச்சிருவோம்" என்றார் அவள் தந்தை.

அழுதுவிடுவேனோ என்று பயந்து காரின் கதவைப் பிடித்துக்கொண்டேன். கட்டைப் பிரித்து அவள் தாயிடம் கொடுத்தேன். பின்சீட்டில் அமர்ந்து அவர் ஒவ்வொன்றிலும் நாலு பக்கமும் மஞ்சள் வைத்துக்கொண்டே வந்தார்.

முதல் வீடு மணமகளின் பெரியப்பா வீடு. தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததை அவர் எடுத்தார். வடிவத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திருப்பினார், திருப்பிக்கொண்டே இருந்தார், தம் பெயரில் நிறுத்தினார். மஞ்சள் அவர் பெயருக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக விழுந்திருந்தது.

"ஏன், எம்பேரு மேல வைக்க மஞ்சள் பத்தலையோ?" என்றார்.

அவள் தந்தை என்னைப் பார்த்தார். நான் அவள் தாயைப் பார்த்தேன். அவர் கிண்ணத்தை எடுத்து, ஐந்தாவது மஞ்சளை உரிய இடத்தில் வைத்தார். பெரியப்பா தலையசைத்துவிட்டு, காபி கொண்டுவரச் சொன்னார்.

படியிறங்கும்போது, அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். காருக்குள் ஏறியதும் மடியில் ஓர் அட்டையை வைத்துத் திருப்பி, அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று அவசரமாகத் தேடத் தொடங்கினேன்.