காந்தளைக் காணாமல் கேட்டவள்

அரவின்மேல் துயிலும் பெருமானே, வில்லிபுத்தூரில் கோயில் கொண்டு, எளியவர் கையால் தொடுத்த மாலையையும் உகந்து ஏற்பவனே, உன் திருவடியில் தலை வைத்து இதைத் தொடங்குகிறேன். சொல்ல வேண்டிய வேளையில் எழாத என் நா இப்போதேனும் நேராக எழ அருள்வாய்.

இன்று ஆடி மாதத்துப் பூர நாள். தேர் வடம் பிடித்த கூட்டம் கலைந்து, வீதியில் வளையல் கடைகளின் பேரம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இத்தகைய நாளில் வருத்தத்தை எழுதலாமா என்று சற்று யோசித்தேன். மகிழ்ச்சியைக் கொண்டுபோய் வைக்கிற சந்நிதியில் வருத்தத்தையும் வைக்கலாம் என்றே தோன்றியது.

இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி தயாரிக்கும் ஒரு குடும்பம் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். தங்கள் மகனையும் மகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். கணக்கும் அறிவியலும் கணினி வழியே நடக்கின்றன. தமிழை மட்டும் திரையில் படிக்க வேண்டாம் என்று அந்த வீட்டுத் தலைவி எண்ணினார். கோயிலில் நான் பாசுரம் சேவிப்பதைக் கேட்டிருந்தவர் ஒருநாள் என்னிடம் வந்து, பாடலையும் மரம் செடி பறவைகளையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது, இளையவளுக்குப் பதினொன்று. வாழ்நாள் முழுவதும் பாடலோடு இருந்தவனுக்கு அதை மறுக்க மனம் வரவில்லை. டவுன் பஸ்ஸில் இராஜபாளையம் போவேன். சனிக்கிழமைகளில் அவர்கள் வண்டியிலேயே கான்சாபுரத்துப் பக்கம் இருக்கும் அவர்களுடைய மாந்தோப்புக்குப் போவோம்.

மூன்றாவதாக ஒரு பெண் பிள்ளை சேர்ந்தாள். அந்தக் குடும்பத்தின் தொழிற்கூடத்தில் துணி மடித்துக் கட்டும் பெண்ணின் மகள், பன்னிரண்டு வயது. அவளுக்கு இடது விழி உள்நோக்கித் திரும்பியிருந்தது. மதுரையில் அறுவை செய்தார்கள். கட்டுப் போட்ட கண்ணோடு பள்ளிக்குப் போனபோது பிள்ளைகள் வைத்த பெயரைத் தாங்காமல் அவள் படிப்பை நிறுத்திவிட்டாள். கண் முழுதும் தேறும்வரை தன் பிள்ளைகளோடு படிக்கட்டும் என்று முதலாளியம்மாள் சொல்ல, தாய் சம்மதித்தாள்.

எங்கள் வகுப்புக்கு ஒரு விதி இருந்தது. நான் வகுத்ததுதான். பாடலை முதலில் செவியால் ஏற்க வேண்டும்: நான் ஓர் அடி சொல்ல, அவர்கள் இருமுறை திருப்பிச் சொல்வார்கள். பொருளை உடனே சொல்லமாட்டேன். பாடலில் வரும் பூவையோ புள்ளையோ கண்ணால் கண்ட பிறகுதான் பொருள். நாரை வரும் பாடலுக்காகக் கண்மாய்க் கரையில் எத்தனையோ காலைகள் உட்கார்ந்திருக்கிறோம். வந்தது கொக்கா நாரையா என்று மூவரும் சண்டையிட்டுத் தெளிந்த பிறகு நான் பொருள் சொன்னபோது, அவர்கள் பாதியைத் தாங்களே சொல்லிவிட்டார்கள். அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

ஐப்பசி மழைக்கு முன்பு காந்தள் வரும் பாடல் ஒன்றை எடுத்தேன். அடியவரின் கூப்பிய கைகளைக் காந்தளோடு ஒப்பிடுவது நம் பக்திப் பாடல்களில் பழகிய வழக்கு. அந்தப் பெண் மூன்றே நாளில் அதை மனனம் செய்துவிட்டாள். அடுத்த நாள் அவள் தாய் என்னைப் பார்க்கத் தொழிற்கூடத்து வாசலுக்கு வந்தாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி.

“ஐயா, மழை பெஞ்சா தோப்பு வேலியில கண்வலிப்பூ பூக்கும். பாட்டுல வாரது அதுதான்னு புள்ள சொல்லுதா. அத அவ பாக்கக் கூடாது. அம்புட்டுத்தான்.”

“கெழங்குலதாம்மா விஷம். சின்னப் புள்ளைய தொட்டுரக் கூடாதுன்னு பெரியவிய அப்படிச் சொல்லி வச்சிருக்காவ. பாத்தா கண்ணு வலிக்காது.”

“இருக்கட்டும்யா. எங்க சுந்தரபாண்டியத்துல என் சித்தி மக பாத்தா. மறுநாளே கண்ணு செவந்து வீங்கிருச்சு. நீங்க படிச்சவிய, ஒங்களுக்கு அது சாமிப் பாட்டுல வார பூ. ஆபரேசன் பண்ணுன கண்ண வச்சு நான் பந்தயம் கட்டவா?”

அவளே தொடர்ந்தாள்.

“படிக்க வேண்டாம்னு சொல்லல. நல்லா படிக்கா. ராத்திரி சோறு திங்கையில கூட அதையேதான் பாடுதா. பூவ மட்டும் விட்டுருங்க.”

“சரிம்மா. வேலிப் பக்கம் போனா அவள அந்தப் பக்கம் திருப்பி நிக்க வைக்கேன்.”

அச்சம் ஆதாரமற்றது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கண்ணுக்காக மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்தவள் அவள். அவளோடு வாதாடும் உரிமை எனக்கு இல்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை தோப்புக்குப் போனோம். கிளுவை வேலியின் மேல் காந்தள் பூத்திருந்தது. பாடலில் எத்தனையோ முறை சொன்ன பூவை அவ்வளவு அருகில் நானும் அன்றுதான் பார்த்தேன். அந்தப் பெண்ணை யாரும் திருப்பி நிறுத்தவில்லை. தானே வேலிக்கு முதுகு காட்டி, வயலைப் பார்த்து நின்றாள். போதாதென்று கண்களையும் மூடிக்கொண்டாள்.

மூத்தவனுக்கு வாய் சும்மா இராது. “ஏட்டி, ஒரு கண்ணால மட்டும் பாரு. கெட்டாலும் ஒண்ணுதான கெடும்.”

அவன் தங்கை அவனை முழங்கையால் இடித்தாள். நான் கண்டிக்க வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் திரும்பாமலே சொன்னாள்:

“ஏலே, ரெண்டு கண்ணும் நல்லா இருந்தும் கொக்கப் பாத்து நாரைன்னு சத்தியம் பண்ணுனவன்தானே நீ. பேசாம பூவப் பாத்துச் சொல்லு. எதழு மேல போகுதா, கீழ தொங்குதா?”

“கீழதான்” என்றான் அவன். பிறகு அருகில் போய்ப் பார்த்தான். “இல்ல, இரு. பூவு கீழ பாக்குது. எதழு மட்டும் பின்னால மடங்கி மேல போயிருக்கு.”

“எத்தன?”

“ஆறு.”

“நெறம்?”

“செவப்பு. அடியில மஞ்ச. ஓரம் நெளிநெளியா இருக்கு” என்றாள் தங்கை. “தீ எரியுத மாதிரி.”

“கொடி வேலியில எப்படி ஏறுச்சு? சுத்தியிருக்கா?”

இருவரும் குனிந்து பார்த்தார்கள். நானும் குனிந்தேன். கொடி எதையும் சுற்றவில்லை. ஒவ்வோர் இலையின் நுனியும் மெல்லிய கம்பிபோல் நீண்டு, சுருண்டு, கிளுவைக் கிளையைப் பிடித்திருந்தது. அதை அவர்கள் சொன்னதும் அவள் மூடிய கண்களோடு சிரித்தாள். அவள் கேட்டிராவிட்டால் நாங்கள் மூவரும் சிவப்பாக ஒரு பூவைப் பார்த்துவிட்டு வந்திருப்போம். அன்று வேலியைப் பார்த்து நின்றவர்கள் நாங்கள். எங்களைப் பார்க்க வைத்தவள் அவள்.

பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், “அப்போ தல கீழ குனிஞ்சிருக்கு, கை மட்டும் மேல தூக்கிக் கும்பிடுது” என்றாள்.

எனக்குச் சிலிர்த்தது. அந்தப் பாடலின் பொருள் அதுவேதான். அடியவன் நாணத்தால் தலை கவிழ்கிறான்; அவன் கைகளோ அவனையும் மீறி உச்சிக்கு மேல் எழுந்து குவிகின்றன. இதை நான் விளங்கிக்கொள்ள நரை தோன்ற வேண்டியிருந்தது. பூவைக் காணாமலே, அடுத்தவர் சொன்ன நான்கு சொற்களிலிருந்து, ஒரு சிறுமி அதை எடுத்துவிட்டாள்.

அந்தக் கணத்தில் நான் சொல்லியிருக்கலாம். ‘நீ சொன்னதுதான் அம்மா பொருள்’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அதற்குள் அவள் வேலியை விட்டு விலகி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

“எங்கம்மா போற?”

“மோட்டார் ரூம் பக்கம் நிக்கேன் தாத்தா. நீங்க அவியளுக்குப் பொருள் சொல்லுங்க. நான்தான் பாக்கலேல்ல.”

விதியை எனக்கு நினைவூட்டியவள் அவள்தான். தாய் சொல்லையும் என் சொல்லையும் ஒருசேரக் காத்து, கண்ணைத் திறந்துகொண்டு வரப்பில் நடந்து போனாள். அவளை அழைத்து அந்த விதியை அங்கேயே தளர்த்தினால், மற்ற இருவரும் நாரைக்காகக் காத்திருந்த காலைகள் வீணாகிவிடுமோ என்று ஓர் எண்ணம் ஓடியது. அடுத்த சனிக்கிழமை அவளைத் தனியே அழைத்து மகிழ்விக்கலாம் என்றும் ஓர் ஆசை இருந்தது. இருவருக்கும் பொருள் சொன்னேன். சொல்லும்போது பாதி கவனம் மோட்டார் அறைப் பக்கமே இருந்தது. அவள் அங்கே தண்ணீர் விழும் தொட்டியில் கை நனைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த அடுத்த சனிக்கிழமை வரவில்லை. மழைக்காலம் தோறும் வருகிற கண்நோய் அவ்வாண்டும் இராஜபாளையத்தில் தெருத்தெருவாகப் பரவியது. பஸ்ஸில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் வந்தது. பூவை உற்றுப் பார்த்த இருவருக்கும் எனக்கும் ஒன்றும் வரவில்லை. நான் தாயைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அவ பாக்கவே இல்லம்மா. கண்ணையும் மூடிக்கிட்டுத்தான் நின்னா. பாத்தவங்க நாங்க நல்லாத்தான் இருக்கோம். ஊரெல்லாம் இருக்க கண்ணுநோவுதான் இது.”

“புள்ளையும் அதத்தான் சொல்லுதா. பாக்காட்டி என்னய்யா, பக்கத்துல நின்னிருக்கால்ல. பூக்காத்து பட்டிருக்கும். ஒங்களுக்கெல்லாம் கண்ணு கெட்டியான கண்ணு. இனி அவள அங்க அனுப்ப மாட்டேன்யா.”

முதலாளியம்மாளும் பேசிப் பார்த்தார். “வேலையில நீங்க சொன்னா கேக்கேன்மா, புள்ள விசயத்துல கேக்க மாட்டேன்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாளாம். அவளைப் பிடிவாதக்காரி என்று அவர் குறைபட்டுக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருத்துவர் நேராக்கித் தந்த பார்வையை ஒரு தாய் காத்து நிற்கிறாள். எதிலிருந்து காக்க வேண்டும் என்பதில்தான் பிசகு.

கண் தேறியிருக்கும் என்று எண்ணி ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாயும் மகளும் எதிரெதிரே அமர்ந்து துணியைச் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் எழுந்து கைகூப்பினாள். சிவப்பு போய்க் கண் தெளிந்திருந்தது. விழி நேராக நின்றது. தாய் முகம் கோணாமல் வரவேற்று, உள்ளே போய் அடுப்பில் பால் வைத்தாள்.

“தாத்தா, பொருள் சொல்லிட்டீகளா அவியளுக்கு?” என்று பெண் மெல்லக் கேட்டாள்.

“சொல்லிட்டேன்மா.”

“நல்லா இருந்துச்சா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு. நீ அன்னைக்கு…”

தாய் காப்பியோடு வந்துவிட்டாள். “அந்தப் பூப் பேச்சு இந்த வீட்டுல வேண்டாம்யா. கோவிச்சுக்கிடாதீய. காப்பி ஆறுது, குடிங்க.”

காப்பியைக் குடித்தேன். அவள் வீட்டில் அவள் சொல்லை மீறிப் பேசுவது முறையாகாது. அந்தப் பெண் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு, இனி கேட்பதற்கில்லை என்பதுபோல் விரல்களைப் பார்த்தபடி சுற்றத் தொடங்கினாள். வகுப்புக்கு அவள் திரும்பவில்லை. பள்ளிகள் திறந்தபோது இராஜபாளையத்திலேயே ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டதாக முதலாளியம்மாள் சொன்னார். அங்கே எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “போறா, வாரா” என்றார்.

மற்ற இருவரோடும் தோப்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நல்ல பிள்ளைகள். நான் காட்டியதைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் அடுத்ததற்கு நகர்கிறார்கள். இதழ் மேலே போகிறதா, கீழே தொங்குகிறதா என்று கேட்க யாரும் இல்லை. ஒருநாள் மூத்தவன் ஒரு கொடியின் முன் நின்று, “அவ இருந்தா இதுல பத்துக் கேள்வி கேட்டிருப்பா தாத்தா” என்றான். அன்று கேலி பேசிய வாய் அது.

நான் கொடுத்த வாக்கையும் காத்தேன், வகுத்த விதியையும் காத்தேன். இரண்டும் குறையின்றி நின்றன. இடையில் நின்ற குழந்தைதான் வெறுங்கையோடு போனாள். தான் கண்டுகொண்டாள் என்பதே அவளுக்குத் தெரியாது. தனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று மற்றவர்களுக்குக் கிடைத்தது என்றே இன்றுவரை நினைத்திருப்பாள். அறியாமையால் ஒருவர் இழப்பதைவிட, பெற்றதை அறியாமலே இழந்ததாக எண்ணி வாழ்வது கொடிது. அவள் அப்படி எண்ணும்படி ஆயிற்றே என்பதுதான் என் துயரம்.

ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். குழந்தாய், தலை குனிந்திருக்கிறது, கைகள் மேலே எழுந்து கும்பிடுகின்றன என்று வயலைப் பார்த்து நின்று நீ சொன்னாயே, அதுதான் பொருள். அதற்குமேல் நான் அவர்களுக்குச் சொன்னது ஒன்றும் இல்லை. இதை நீ என்றேனும் படிப்பாயோ, படிக்கும்போது இது உன்னைக் குறித்தது என்று அறிவாயோ, எனக்குத் தெரியாது. உன் தாய் படித்தால், பூவைப் பற்றி எழுதியதற்காக என்னைப் பொறுத்தருள வேண்டும்.

இதைப் படிக்கும் அனைவருக்கும் கண்ணொளி குன்றாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் வாயிலிருந்து நல்ல சொல் ஒன்று எழும்போது, அதை அந்த நொடியிலேயே மெச்சும் நா உங்களுக்கு வாய்க்கட்டும். பெருமான் திருவருளால் எல்லா இல்லங்களிலும் அச்சம் அகன்று நலமே நிறைக.