அரசாங்கமே பேப்பர் கொடுத்த வண்டி

1. வலையில் வந்தது

போலீஸ் ஸ்டேஷன் போர்டில் பாண்டிச்சேரியை அழித்துப் புதுச்சேரி என்று எழுதிக்கொண்டிருந்த சமயம். பறிமுதல் பொருட்களுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் இதைப் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கொல்லைப்புறத்தில் வண்டிகள் துருப்பிடிப்பதை யாரும் தடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

முதல் நாளே ஒரு டிராக்டர் உள்ளே வந்தது. டிரெய்லரில் மீன் வலைக்குள் சுருண்டபடி ஒரு மோட்டார் சைக்கிள். பின்னாலேயே கனகசெட்டிக்குளத்து மீனவ ஜனம். ஹெட்லைட் இல்லை, ஹாரன் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. டயர் மட்டும் பலாப்பழம் போல முள்ளு முள்ளாக இருந்தது. கடற்கரை மணலில் தினமும் சீறிக்கொண்டு வந்து, காயப்போட்ட கருவாட்டின்மேல் ஏறி, கடைசியில் அஞ்சலை என்ற பெண்ணின் காலிலும் ஏறியிருக்கிறது. ஊர்க்காரர்கள் பழைய வலையை மணலில் பரப்பி, மேலே மண் தூவி வைத்திருக்கிறார்கள். வலை செயினில் சுற்றிக்கொண்டதும் ஓட்டிய பையன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான்.

அஞ்சலை மாவுக்கட்டுக் காலோடு இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"சொல்தா வூட்டுப் புள்ள சார். எனக்குத் தெரியும்."

"ஹெல்மெட் போட்டிருந்தானாமே. மூஞ்சப் பாத்தியா?"

"மூஞ்ச எங்க பாக்கறது, கால்ல இல்ல ஏத்தினான்? வண்டிய ஒடச்சிப் போடுங்க சார். மத்தியானத்துல எங்க புள்ளைங்க படகு நெழல்ல தூங்குது. அடுத்த தபா அதுங்க மேல ஏத்துவான்."

"செய்யலாம்மா, செய்யலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். எங்கள் இலாகாவில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது.

2. எங்கள் வண்டி இல்லை

சொல்தா என்று ஊரில் அழைக்கப்பட்டவர் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குபவர். இஸ்திரி போட்ட சட்டை, அளந்து பேசும் பேச்சு; சார் என்பதற்குக்கூடப் பிரெஞ்சில் மிஸ்யே. பிரான்சிலிருந்து வீட்டுச் சாமான்கள் கப்பலில் வந்தபோது, பீரோ கட்டிலோடு இந்த வண்டியும் வந்துவிட்டது என்பது ஊருக்கே தெரியும். உரிமை கொண்டாடினால் பேப்பர் காட்ட வேண்டும், வரி கட்ட வேண்டும், பையன் மேல் கேஸ் வேறு வரும். மனிதர் யோசித்துப் பார்த்தார்.

"அது எங்க வண்டி இல்ல, மிஸ்யே" என்றார்.

எனவே அது உரிமை கோரப்படாத பொருள் ஆனது. அப்படிப்பட்ட பொருளை ஒன்று ஏலம் விட வேண்டும், இல்லை அழிக்க வேண்டும். அழிப்பதற்கு, உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று கமிட்டி சொல்ல வேண்டும். கமிட்டியோடு வந்த மெக்கானிக் ஒரு உதை உதைத்தார். வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"கண்டிஷன் சூப்பர் சார்" என்றார், அவர் பெற்ற பிள்ளை பாஸானது போல.

"ஓடற வண்டிய ஒடச்சா ஆடிட்டுல என்னைய ஒடப்பான்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏலம் போட்டுரு."

அது வரைக்கும் வண்டி ஷெட்டுக்குள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு இருந்தது. வெளியே மழையில் நின்றது ஒரு மொபெட். மில் மூடிய பிறகு அதில் காய்கறி விற்றுப் பிழைத்த ஒருவருடையது. இன்ஷூரன்ஸ் இல்லை என்று பிடித்தோம். அவர் வாரா வாரம் வந்து, "இது என் வண்டிதாங்க" என்று கெஞ்சுவார். கோர்ட் உத்தரவு வரட்டும் என்போம். தன்னுடையது என்று சொன்னவர் வண்டிக்குள் முருங்கைச் செடி முளைத்தது. தன்னுடையது இல்லை என்று சொன்னவர் வண்டிக்கு நான் தினமும் தூசி தட்டினேன்.

3. ஏலம்

ஏலத்துக்கு நெல்லித்தோப்புப் பழைய இரும்புக் கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு எல்லாமே இரும்பு விலைதான். அதற்கு மேல் ஒருவர் கை தூக்கினார். பார்த்தால் நம்ம சொல்தா. எங்கள் வண்டி இல்லை என்று சொன்னவருக்கு அந்த வண்டியைப் பிடித்துப்போகக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. வட்ட முத்திரை குத்திய விற்பனை ரசீதை நானே அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் கடற்கரையில் பழையபடி சீறல். பையனை நிறுத்தினால் ரசீதை நீட்டினான். ரிஜிஸ்ட்ரேஷன் எங்கே என்று கேட்டேன்.

"ரோட்ல ஓட்டினாத்தான் ரிஜிஸ்ட்ரேஷன் சார். நான் மணல்லதானே ஓட்டறேன்."

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். கப்பலில் வந்தபோது அந்த வண்டிக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. இப்போது அரசாங்க முத்திரையே இருக்கிறது. பறிமுதல் செய்ததால் கண்ட பலன் அதுதான். அஞ்சலையை நேருக்கு நேர் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கனகசெட்டிக்குளம் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

4. திருட்டுப் புகார்

கொஞ்ச நாளில் சொல்தா ஸ்டேஷனுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என் வண்டியத் திருடிட்டாங்க. மீனவர் ஊர்லதான் இருக்கு. ரசீது பாருங்க."

வேறு வழியில்லாமல் போனேன். பஞ்சாயத்துத் தலைவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அஞ்சலை. படகு நிழலில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

"வண்டி எங்கங்க?" என்றேன்.

தலைவர் தாடையால் கடலைக் காட்டினார். "மட்டை, டயரெல்லாம் கட்டி எறக்குவோம் இல்ல, மீன் அடையறதுக்கு? அங்க."

"உள்ள ஆயில் இருந்துச்சே?"

"வடிச்சிட்டுதான் போட்டோம். கடலு எங்க வூடு சார்."

அஞ்சலை சொன்னாள்: "நேத்து இந்தச் சின்னது தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போச்சு சார் வண்டி. மறுபடியும் வலைய விரிச்சோம். உங்ககிட்டக் கொண்டாந்தா கழுவித் தொடச்சித் திருப்பித் தருவீங்க. அதான் கொண்டாரல."

திரும்பி வந்து சொல்தாவிடம் மரியாதையாகவே பேசினேன்.

"புகார் தாராளமா எழுதலாம் ஐயா. உங்க வண்டின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நேத்து அந்த வண்டி ஒரு குழந்தை மேல ஏறப் பாத்துச்சுன்னு அந்தம்மாவும் புகார் தரப்போறாங்க. ஓட்டினது யாருன்னு வண்டிக்காரர்கிட்டதான் கேக்கணும். கேஸ் முடியறவரைக்கும் உங்க பையன் பாஸ்போர்ட்டுக்கும் கொஞ்சம் செரமம்தான்."

அவர் பேனாவை மூடினார். ரசீதை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"அது எங்க வண்டி இல்ல, மிஸ்யே" என்றார்.

5. பாடம்

பிடித்த வண்டியை அழிப்பதா விற்பதா என்று இன்றைக்கும் டீ, பிஸ்கட்டோடு கூட்டம் போடுகிறார்கள். தம்பிகளே, நான் கற்றது இவ்வளவுதான்: விற்றால் யார் கைக்குப் போகும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடம் இருக்காது. இருந்தாலும் கேளுங்கள். பிடிபட்டவனே வாங்கிப் போவான் என்றால், ஆடிட்டுக்குப் பயப்படாமல் உடைத்துப் போடுங்கள். அந்த மொபெட் மாதிரி இருந்தால், முருங்கை முளைக்கும் முன்னே உடையவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த சீசனில் அஞ்சலை லேசாக நொண்டியபடி ஸ்டேஷனுக்கு வந்து, வஞ்சிரம் ஒன்றை என் மேஜையில் வைத்தாள். "வண்டி கிட்டப் புடிச்சது சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அந்த வேலையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "ஏதுய்யா மீனு? யாருது?"

"உரிமை கோரப்படாத பொருள் சார்" என்றேன்.