தொடாமல் அளந்தது

அந்தக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கைராசியக்கா என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும். மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் மேசையில் இருபத்தோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்களிடம் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும் பலகை அவள் மேசைக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளும். அளக்கும் கருவியின் ஊசிமுனையை மெல்ல வைப்பாள். திரையில் அலை எழும்பும். அக்கா கை பட்டால் கல்லும் பேசும் என்பார்கள். சும்மா இருங்கப்பா என்று அதட்டுவாளே தவிர, அந்தப் பட்டம் அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. சம்பள உயர்வு வராத வருடங்களிலும் அது கூடவே வந்தது.

இந்த முறை வந்த வேலை ஓர் அழைப்புப் பொத்தான். படுக்கையில் கிடப்பவர் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அழுத்தினால் அடுத்த அறையில் மணி அடிக்க வேண்டும். பேட்டரியே கிடையாது. அழுத்துகிற அழுத்தத்திலேயே ஒரு சிட்டிகை மின்சாரம் பிறக்கும். தும்மல் போடும் நேரம்கூட அது நிற்காது. அதற்குள் உள்ளே இருக்கும் ரேடியோ ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிட வேண்டும். ரேடியோவோ, கிறிஸ்டல் எழும்பாமல் வாய் திறக்காது. அரிசிமணி அளவு உலோகக் கூட்டுக்குள் ஒரு சில்லு குவார்ட்ஸ், அதுதான் கிறிஸ்டல். மின்சாரம் பட்டதும் அதிர ஆரம்பிக்கும், ஆனால் சோம்பல் முறித்து முழு வீச்சுக்கு வர நேரம் எடுத்துக்கொள்ளும். அது எழும்புவதற்குள் சிட்டிகை தீர்ந்துபோனால் மணி அடிக்காது.

மாதிரிப் பலகைகள் நாற்பது. நாற்பதும் அவள் மேசையில் தேறின. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் அறிக்கையில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொறியாளரிடம் கேட்டு ஒரு பொத்தானையும் அதன் மணிப்பெட்டியையும் வீட்டுக்கு எடுத்துப்போனாள். அவள் கணவர் பஸ் ஓட்டுபவர். கால் எலும்பு முறிந்து மூன்று வாரமாகக் கட்டிலில் கிடந்தார். கத்திக் கூப்பிட்டே அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

சனிக்கிழமை காலை அவள் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மணிப்பெட்டி பக்கத்துச் சுவர்மேல்தான் இருந்தது, சத்தமே இல்லை. ஏதோ தோன்றி உள்ளே போனால், மனிதர் கட்டுப்போட்ட காலைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கிறார். மாடிவீட்டுக்காரர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"உன் மணிய விட என் தொண்டையே தேவல. மாடியில இருக்கறவர் வந்துட்டார், நீ வரல" என்றார் கணவர்.

அவளே பத்து முறை அழுத்திப் பார்த்தாள். ஏழு முறை அடித்தது. கண்டக்டர் டிக்கெட் எண்ணுவதுபோல் அவர் விரல்விட்டு எண்ணினார்.

அன்றே அரைமணி முன்னதாக வேலைக்குப் போய் அதே பொத்தானைத் திறந்து, கிறிஸ்டலின் காலில் ஊசிமுனையை வைத்து அழுத்தினாள். பத்துக்குப் பத்து. ஊசியை எடுத்துவிட்டு அழுத்தினாள். ஏழு. மறுபடி வைத்தாள், பத்து. அப்போதுதான் பொறி தட்டியது. சுவரில் சொருகியிருக்கும் கருவியிலிருந்து ஊசி வழியாகக் கிறிஸ்டலுக்குத் துளியூண்டு தள்ளு கிடைத்துக்கொண்டிருந்தது. சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. நாற்பது பலகைகளும் அப்படித்தான் ஓடியிருந்தன.

ஊசியை வைத்தால் மின்சுற்றே மாறிவிடும் என்று புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். இருபத்தோரு வருடத்தில் அவள் எழுப்பி அனுப்பிய பலகைகளில் எத்தனை, போன இடத்தில் மறுபடி படுத்துக்கொண்டதோ.

வேறு யாருக்கும் தெரியாது. அறிக்கையில் பொய்யும் இல்லை, அளந்ததைத்தான் எழுதியிருந்தாள். எழுந்து பொறியாளரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த நாப்பதும் பாஸ் இல்ல."

"நீங்கதானேக்கா பாஸ் போட்டீங்க?"

"போட்டது நான்தான். ஓடினது ஊசியால."

வந்து பார்த்தார். ஊசியோடு ஒருமுறை, ஊசி இல்லாமல் ஒருமுறை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, திங்கட்கிழமை வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டார்.

"பத்துக்கு மூணு தடவ மணி அடிக்கலன்னா, படுத்திருக்கறவர் தானே எழுந்து நடக்கப் பார்ப்பார். எங்க வீட்டுக்காரர் காலைல பார்த்தார். அதையே சொல்லுங்க, சார்."

அவர் அதையே சொன்னார். வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு வாரம் கொடுத்தார்கள்.

அவள் ஒரு கம்பியை வளையமாகச் சுற்றி, பலகையிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நிறுத்தினாள். ரேடியோ பேசினால் வளையத்துக்குக் கேட்கும். யாரும் எதையும் தொட வேண்டாம். அப்படி அளந்ததில் ஒன்பது பலகைகள் விழுந்தன. கோளாறு பொறியாளரின் சிக்கனத்தில் இருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அவர் கிறிஸ்டலுக்குக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்திருந்தார். அது மெதுவாக எழும்ப, காத்திருந்த நேரமே சிட்டிகை முழுவதையும் தின்றுவிட்டது. இப்போது ஆரம்பத்தில் மூன்று மடங்கு அள்ளிக்கொடுத்து, கிறிஸ்டல் வீச்சு பிடித்ததும் கையை இழுத்துக்கொள்ளும்படி மாற்றினார். எழும்பும் நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. செலவான மின்சாரமும் முன்பைவிடக் குறைவுதான்.

நாற்பது பலகை, ஒவ்வொன்றுக்கும் பத்து அழுத்தல். நானூறும் கேட்டது. அறிக்கையில் 'அளந்த முறை' என்று ஒரு கட்டம் உண்டு. இத்தனை வருடம் அதில் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இந்த முறை 'தொடாமல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மத்தியானமே பக்கத்து மேசைக்காரர் செத்த பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கைராசியக்கா, கொஞ்சம் கை வைங்க என்றார்.

"நான் தொட்டா எழுந்துடும். அதான் பிரச்சினை. மொதல்ல கிறிஸ்டலப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினாள்.

வீட்டில் கணவர் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். புதிய பொத்தான் மணிக்கட்டில் இருக்கிறது. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. ஈரக்கையோடு போய் என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அடிக்குதான்னு பார்த்தேன்."

"அடிக்குது. கழட்டிக் குடுங்க, திங்கக்கிழமை கம்பெனியில திருப்பிக் குடுக்கணும்."

"அதுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே" என்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.