ஹரோவிலிருந்து கோலியர்ஸ் வுட்டுக்கு: ஒரு பொயிலர் புகாரைத் திரும்பப் பெறப் போன கதை

இந்தப் பக்கத்தில் வழக்கமாக லிஸ்பன், ஐஸ்லாந்து என்று எழுதுவேன். இந்த முறை லண்டனுக்குள்ளேயே, வடமேற்கிலிருந்து தெற்குக்கு, நேர்கோட்டில் பதின்மூன்று மைல். பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போனேன். நல்ல மனிதர் ஒருவர் மேல் நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. உங்களில் யாருக்காவது இப்படியொரு பயணம் வாய்த்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். வாய்க்காமல் இருக்கட்டும்.

போன இலையுதிர்காலத்தில் எங்கள் வீட்டைச் சூடாக்கும் புதுப் பொயிலரைப் பூட்டியவர் குகன் அண்ணை. என் கணவர் தயாவின் பள்ளித் தோழர். கேஸ் வேலைக்கு முறையாகப் பதிவு பெற்றவர். குளிர் இறங்கியதும் தொல்லை தொடங்கியது. பகலில் வீடு நல்ல சூடு. விடியற்காலையிலும் பொழுதுபட்ட பிறகும் சுவரோரத்து றேடியேற்றர்கள் சில்லிட்டுக் கிடக்கும். இரண்டு தரம் கூப்பிட்டோம். இரண்டு தரமும் மத்தியானத்தில் வந்தார், கழற்றிப் பார்த்தார், எல்லாம் ஒழுங்காக ஓடியது, ஒரு சதமும் வாங்காமல் போனார்.

அங்கேதான் வந்தது வினை. வேறு யாராவது என்றால் மூன்றாம் தரமும் போன் எடுத்துச் சத்தம் போட்டிருப்பேன். எனக்கு வாய் நீளம், வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் காசு வாங்காமல் வந்து போகிற ஊர்க்காரரிடம் எப்படி முகத்துக்கு நேரே குறை சொல்வது? கூச்சம். அதனால் அவரைப் பதிந்து வைத்திருக்கும் அமைப்புக்கு இணையத்தில் புகார் எழுதினேன். வெள்ளைக்காரன் பார்த்துக்கொள்ளட்டும், நாங்கள் நல்ல பிள்ளைகளாக இருக்கலாம் என்ற நினைப்பு. அந்தப் பதிவு போனால் அவர் ஒரு கேஸ் குழாயைக்கூடத் தொட முடியாது. அது தெரிந்தேதான் எழுதினேன்.

வீட்டின் சூட்டை அளந்து பொயிலருக்குச் சொல்லும் சின்னப் பெட்டி ஒன்று உண்டே, தெர்மோஸ்டாற், அது எங்கள் சுவாமியறைத் தட்டில் இருந்தது. இரண்டாம் முறை வந்தபோது குகன் அண்ணை அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. வாசலுக்கு அப்பால் நின்றே, "நீங்களே பாத்துச் சொல்லுங்கோ தங்கச்சி, என்ன நம்பர் காட்டுது?" என்றார். பதினெட்டு என்றேன். தலையாட்டினார். தேத்தண்ணியும் வேண்டாம் என்றுவிட்டார். புகாரில் நான் மிகவும் பெருமைப்பட்ட இடம் இதுதான்: அறைக்குள் வரக்கூட மனமில்லாத அலட்சியம் என்று எழுதியிருந்தேன். கை சும்மா இருக்காமல், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலும் இதையே போட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் விளக்கேற்றினேன். எங்கள் சுவாமியறை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒடுங்கிய அறை. புகை மணி அலறும் என்பதால் கதவைச் சாத்திவிட்டுத்தான் விளக்கேற்றுவது. தேவாரம் பாடிக்கொண்டே நிமிர்ந்தால், விளக்குக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெட்டி இருபத்தேழு என்று காட்டுகிறது. என் காலில் இரண்டு சோடி காலுறை. ஐயோ என்றேன், தேவாரத்தின் நடுவிலேயே. காலையும் மாலையும் நான் விளக்கேற்ற, வீடு கொதிக்கிறது என்று நம்பி அந்தப் பெட்டி பொயிலரை நிறுத்தியிருக்கிறது. குகன் அண்ணை அதை ஹோல் மேசையில்தான் வைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் பொத்தானை அமத்துகிறார்கள் என்று சுவாமித் தட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவள் நானேதான்.

புகாரை விசாரிக்கச் செவ்வாய்க்கிழமை ஆள் வருவதாக இருந்தது. ஒரு மின்னஞ்சலில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அப்படியும் நினைத்தேன், மறைப்பானேன். தயாதான் விடவில்லை. "நீர்தானே எழுதினனீர். நீரே போய்ச் சொல்லும்" என்றார். குகன் அண்ணைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை 10.10க்கு ஹரோ ஒன் த ஹில்லில் மெற்றோபொலிற்றன் ரயில். கிங்ஸ் குரோசில் மாறாதீர்கள், நடந்தே களைத்துவிடுவீர்கள்; மூர்கேற்றில் மாறி நோர்தேர்ன் லைன் பிடியுங்கள். மோர்டன் போகிற ரயிலா என்று பார்த்து ஏறுங்கள். டூட்டிங் புரோட்வேக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் நாலு பவுணுக்குள். வழி நெடுக மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். பல்ஹாம் வருவதற்குள் பழி முழுவதையும் பொயிலர் கம்பனியின் கையேட்டில் போட்டு ஒரு நல்ல வசனம் தயாராகிவிட்டது. எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

டூட்டிங்கில் இறங்கியதற்குக் காரணம் உண்டு. வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்கப் போகலாமா? அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு கடைக்குள் நுழைந்தேன்.

"என்ன விசேஷம் அக்கா?" என்றார் கடைக்காரத் தம்பி.

"ஒரு வீட்டுக்குப் போறன்."

"அப்ப லட்டும் கொஞ்சம் போடுவம்."

மைசூர்பாகும் லட்டுமாக எட்டுப் பவுண். அங்கிருந்து கோலியர்ஸ் வுட் கால்மணி நேர நடை. மழை தூறியது, குடை எடுக்கவில்லை.

கதவைத் திறந்தவர் குகன் அண்ணையின் மனைவி வசந்தி அக்கா. என்னையும் கையிலிருந்த பெட்டியையும் பார்த்தார்.

"வாங்கோ ரஜி. இப்பதான் கேள்விப்பட்டனீங்களோ?"

அவர் தோளுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு படம். மாலை போட்டு, முன்னால் விளக்கு எரிகிறது. குகன் அண்ணையின் அம்மா. செத்தவீட்டுக்கு நான் லட்டுப் பெட்டியோடு வந்து நிற்கிறேன். வசந்தி அக்கா அதை வாங்கி, வாசலில் சப்பாத்துத் தட்டுக்கு மேலே வைத்தார். "இது வெளியில இருக்கட்டும்" என்றார். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மா மூன்று கிழமைக்கு முன் மோசம் போய்விட்டாராம். புகார் கொடுத்த வெட்கத்தில் நாங்கள் இவர்கள் பக்கம் போன்கூட எடுக்காமல் ஒளித்துத் திரிந்ததால் செய்தி எங்களுக்கு வரவில்லை. குகன் அண்ணை தாடியோடு இருந்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டாம் தரம் வந்தது, அம்மா செத்த அந்தக் கிழமையில். துடக்கோடு, சாவுத் தீட்டோடு, சுவாமியறைக்குள் எப்படிக் கால் வைப்பார்? என் வீட்டில் எப்படித் தேத்தண்ணி குடிப்பார்?

"ஏன் அண்ணை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"பிள்ளையளோட குளிருக்குள்ள நிக்கிறியள். அதுக்குள்ள நான் என்ன செத்தவீட்டுக் கதை கதைக்கிறது? சொன்னா, வரவேண்டாம் எண்டிருப்பியள்."

ரயிலில் தயாரித்த வசனத்தை அப்படியே விட்டுவிட்டேன். விளக்கு, பெட்டி, புகார், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். பிழை முழுக்க என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பதிவுக்காரர் புகாரைப் பற்றிக் கேட்டு எழுதினவங்கள். ஓம், அந்த அறைக்குள்ள நான் போகேல்லைத்தான் எண்டு ஒத்துக்கொண்டு எழுதிப்போட்டன்."

"ஏன் போகேல்லை எண்டு சொல்லேல்லையோ?"

"துடக்கெண்டா அவங்களுக்கு என்னெண்டு விளங்கும்?" என்றார். தலையை நிமிர்த்தி, "வெள்ளைக்காரனிட்டச் சொன்னதை என்னட்டச் சொல்ல ஏலாமப் போச்சோ தங்கச்சி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை.

வசந்தி அக்கா குசினி வாசலில் நின்று, அந்த வாட்ஸ்அப் செய்தியால் தமிழ்ப் பள்ளி மண்டபத்து ஹீற்றிங் வேலையும் கை நழுவிப் போய்விட்டது என்றார். புறப்படும்போது பழக்கத்தில் "போட்டு வாறன்" என்று வாய் திறந்து, செத்தவீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். குகன் அண்ணை என்னை வழியனுப்ப வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை.

திரும்பும் ரயிலில் பெற்றோர் குழுவில் நடந்தது எல்லாவற்றையும் என் பெயரோடு எழுதினேன். மண்டப வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. அதை நான் மீட்டுக் கொடுக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரிக்க வந்தவர் வயதான வெள்ளைக்காரர். பெட்டியையும் விளக்கையும் காட்டினேன். அப்படியானால் அந்த மனிதர் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டார். அவர் வந்தபோது அம்மா இறந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை, அந்த நாட்களில் நாங்கள் சுவாமி முன்னால் போவதில்லை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். "அவருடைய அம்மாவுக்காக வருந்துகிறேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள்" என்றார். அவருக்குக் குகன் அண்ணை யாரென்றே தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து அதுவரை அந்த ஒரு வார்த்தை போயிருக்கவில்லை. தொழிலாளியிடம் குறையில்லை என்று அங்கேயே புகாரை மூடினார்.

போக இருப்பவர்களுக்கு: சனி, ஞாயிறில் ரயில் வேலை நடக்கும், முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்பு வாங்க முதல் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். தெர்மோஸ்டாற்றை விளக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வேலை செய்தவரிடம் குறை இருந்தால், அவர் உறவாக இருந்தாலும், காசு வாங்காவிட்டாலும், அவரிடமே முதலில் சொல்லுங்கள். கூச்சம் ஒரு நிமிடம்தான்.

புகார் மூடிய செய்தியைச் சொல்ல அன்று பின்னேரமே குகன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். உடனே எடுத்தார். வந்தவர் சொன்ன அனுதாபத்தையும் சொன்னேன். "சரி தங்கச்சி" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"இப்ப வீடு சூடாக் கிடக்கோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. பெட்டியைத் திரும்ப ஹோல் மேசையில வைச்சிட்டன்" என்றேன்.