அண்ணன் சொன்ன காய்

என் அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பெரும்பகுதி கடலில்தான் இருப்பான். ராயபுரத்தில் கோயில் தெருவை ஒட்டிய எங்கள் வீட்டில் அம்மாவும் அவள் பெண்ணான நானும் மட்டும். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நான் காலேஜ் முடித்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அம்மாவிடம் நிறைய இருந்தது. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை முற்றிய பிறகு, சோற்றைக் குறைத்துப் பச்சைக் காய்கறியைக் கூட்டச் சொன்னார் டாக்டர். அம்மா காசிமேட்டு மீனில் வளர்ந்தவள். காய்கறி என்பது அவளுக்கு, குழம்பில் மீன் இல்லாத நாளில் போடுகிற பொருள். நான் பீன்ஸ் பொரித்தேன், கீரை கடைந்தேன், கோஸைப் பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டுக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு போடுகிறேன் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் என்னைப் பற்றிக் குறை சொல்வாள்.

ஒருநாள் அண்ணன் ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து வீடியோ காலில் வந்தான். அம்மா அவனிடமும் அதையே சொல்லிப் புலம்பினாள். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "இங்க வெள்ளக்காரனுங்க குட்டி குட்டியா ஒரு கோஸ் துன்றானுங்கம்மா. பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்டுனு பேரு. சக்கரைக்கு நல்லதாம். அத்த வாங்கித் துன்னு." அதோடு பேச்சு மழை பக்கம் போய்விட்டது.

மறுநாள் காலை நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது அம்மா அந்தக் குட்டிக்கோஸை வாங்கி வரச் சொன்னாள். அதுவும் கோஸ்தானே, இத்தனை நாளாக நான் செய்து கொடுத்ததும் கோஸ்தானே என்று கேட்டேன். அது வேறு, இது வேறு என்றாள்.

பாரிமுனையில் இங்கிலீஷ் காய் விற்கிற ஒரு கடையில் கிடைத்தது. ஊட்டியிலிருந்து வருவதாகக் கடைக்காரர் சொன்னார். எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக, இலைகள் இறுக மூடிய பச்சை உருண்டைகள். முதல் தடவை முட்டைகோஸ் மாதிரியே நினைத்துத் தண்ணீரில் போட்டு வேகவைத்தேன். கொஞ்ச நேரத்தில் வீடே நாறியது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, மணலி ரசாயன ஆலைப் பக்கத்துக் காற்று வீசுகிறதா என்று கேட்டாள். அன்றைக்கு அம்மா அதையும் சாப்பிட்டாள். மூக்கைச் சுளிக்காமல், மீதி வைக்காமல். என் பீன்ஸுக்கு ஒரு நாளும் கிடைக்காத மரியாதை அது.

அதற்குப் பிறகு அந்தக் காயை எப்படிச் சமைப்பது என்று கற்றுக்கொண்டேன். அடியைச் சீவி, மஞ்சளான மேலிலைகளை உரித்துவிட்டு, இரண்டாகப் பிளக்க வேண்டும். தண்ணீரே கூடாது. இரும்புச் சட்டியைச் சூடாக்கிக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கிவைத்துக் கிளறாமல் விட வேண்டும். அடி பழுப்பேறும்போது நாற்றம் போய் முந்திரி வறுத்த மாதிரி ஒரு வாசம் வரும். அப்போது நசுக்கிய பூண்டும் மிளகும் உப்பும் போட்டு இறக்கினால், வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று இருக்கும். முதலில் லேசாகக் கசக்கும், மெல்ல மெல்ல இனிக்கும். கடுகு தாளித்துத் தேங்காய் போட்டால் பொரியல். சின்ன வெங்காயத்துக்குப் பதிலாக முழுசாகச் சாம்பாரில் போட்டால் அதற்கும் ஒத்துப்போகும். முட்டை உடைத்து ஊற்றினால் பொடிமாஸ். சென்னாகுனியை, அந்தப் பொடிக் கருவாட்டு இறாலை, வறுத்துத் தூவியபோது அம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கவுச்சி இல்லாத குறையே தெரியவில்லை. எந்தச் சட்டியில் போட்டாலும் அந்தச் சட்டிக்கு ஏற்ற மாதிரி ஆகிவிடுகிற காய் அது. எனக்கு அதன்மேல் ஒரு மதிப்பே வந்துவிட்டது.

தினமும் விடியலில் எழுந்து உரிப்பேன். சீசன் இல்லாத மாதங்களில் உறைந்த பாக்கெட்டாவது தேடிப் பிடிப்பேன். அம்மாவுக்குச் சோறு பாதியாகக் குறைந்தது, பசி தாங்கியது, சர்க்கரையும் இறங்கியது. டாக்டர் சந்தோஷப்பட்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"எம் புள்ள கப்பல்லேர்ந்து ஒரு காய் சொன்னான் டாக்டர். அத்தான் துன்னுகினு கீறேன்" என்றாள் அம்மா.

நார்ச்சத்து உள்ள காய், நல்லதுதான், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார் அவர். நான் பக்கத்தில் அவளுடைய பையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். உரித்து உரித்து என் கட்டைவிரல் நகத்தடி பச்சையாகவே இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் கூப்பிடும்போதெல்லாம், உன் கோஸ் சாப்பிட்டேன் என்று அம்மா அவனுக்குச் சொல்வாள். அவனும் சரி சரி என்பான்.

பிறகு முதுகு பிடித்துக்கொண்டு வேலை போய் அவன் ஊருக்கு வந்தான். வந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தேன். கூடவே, அவனுக்கென்று, இருப்பதிலேயே நன்றாக வருகிற விதத்தில் சட்டியில் வறுத்த குட்டிக்கோஸ். அம்மாதான் அவன் தட்டில் பரிமாறினாள். அவன் அதை விரலால் ஓரத்துக்குத் தள்ளினான்.

"இத்த எவன் துன்னுவான்? கப்பல்ல மூட்ட மூட்டயா உரிச்சிக்கினு கெடந்தேன். ஒரு தபாகூட நான் வாயில வச்சதில்ல."

அம்மா அவனையே பார்த்தாள். "நீதானடா சொன்ன, நல்லதுன்னு."

"சும்மா சொன்னேன்மா. போன்ல இன்னா பேசறதுன்னு தெரில."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மீனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு குழம்பு நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னான். அம்மாவின் தட்டில் பாதி கோஸ் மிச்சமிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

அடுத்த நாளிலிருந்து வேண்டாம் என்றாள். பொரியல், சாம்பார், சென்னாகுனி எதற்கும் அசையவில்லை. அண்ணன் சாயங்காலங்களில் பரோட்டா வாங்கி வருவான், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. அம்மா குழந்தை மாதிரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் சொல்லிப் பார்த்தேன். மகன் ஊரில் இருக்கிற நாலு நாளில் வயிற்றைக் கட்டச் சொல்கிறாயா என்று என்மேல் எரிந்து விழுந்தாள். அண்ணனிடமும் தனியாகச் சொன்னேன். பார்த்துக்கொள்கிறேன் என்றான். மறுநாளும் பொட்டலத்தோடுதான் வந்தான்.

செருப்பு கடித்து அம்மாவின் காலில் வந்த புண் ஆறவில்லை. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது விரல் கறுத்திருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது வராந்தாவில் அண்ணன் அழுதான். அழுதுவிட்டு என்னைக் கேட்டான்: "கூடவே கீற. நீ கண்டிச்சிருக்க வோணாமா?"

நர்ஸ் எழுதிக் கொடுத்த மருந்தை வாங்க நான் கீழே இறங்கிப் போய்விட்டேன்.

முதுகு சரியானதும் வேறொரு கப்பலில் இடம் கிடைத்து அவன் போய்விட்டான். அம்மா இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறாள். ஆஸ்பத்திரியில் சொன்னபடி சுரைக்காயும் கோதுமைக் கஞ்சியும் முணுமுணுக்காமல் சாப்பிடுகிறாள். பயம்தான் காரணம், ருசியும் இல்லை, நானும் இல்லை. போன மாதம் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கோஸ் நிஜமாகவே பிடிக்காமல்தான் இருந்ததா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சி. அவனே வோணாம்னு தள்ளிட்டான். அப்பால எனக்கு எறங்கல" என்றாள்.

போகப்போக என் கைப்பக்குவத்துக்காகத்தான் சாப்பிட்டாள் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். கட்டை இறுக்கமாகச் சுற்றிவிட்டேன் போலிருக்கிறது, அம்மா வலிக்கிறது என்றாள். அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

ஊட்டிக் காய் வரத்து தொடங்கியிருக்கிறது. எனக்கு மட்டும் கொஞ்சம் வாங்குகிறேன். அவளுக்குச் சுரைக்காய் வைத்துவிட்டு, என் பங்கை இரும்புச் சட்டியில் வறுத்து டப்பாவில் அடைத்து ஆபீசுக்கு எடுத்துப் போகிறேன். பக்கத்து சீட்டுக்காரி, என்ன காய் இது, இவ்வளவு நன்றாக இருக்கிறதே, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். நானே கற்றுக்கொண்டது என்றேன்.