வெயிலில் நின்றால்தான் டீ

மெடிக்கல் ஷாப் வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சீட்டுல எழுதினது புரியலைன்னா டாக்டரையே கேட்டுக்கலாம். வாயால சொல்றது நல்லாப் புரிஞ்சிடுச்சுன்னு ஒருத்தர் தலையாட்டினா, அங்கதான் உஷாரா இருக்கணும்.

நான் ரிட்டயர் ஆகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, திருப்போரூர்ல ஒரு கிளினிக்கை ஒட்டின மெடிக்கல்ல பார்மசிஸ்டா இருந்தேன். எனக்கும் டாக்டர் ரூமுக்கும் நடுவுல ஒரு பச்சை ஸ்கிரீன்தான். உள்ள இருமினா, நான் இங்க சிரப்பைத் தேட ஆரம்பிச்சிடுவேன்.

எதிர்ல ஏழுமலை டீக்கடை. விடியறதுக்கு முன்னாடியே வந்து, தகரக் கூரைக்குக் கீழ பாய்லர் பக்கத்துலயே பொழுது சாயற வரைக்கும் நிப்பாரு. கொஞ்ச நாளாவே கால்வலி, முதுகுவலி, எலும்பெல்லாம் குடைச்சல். போதாக்குறைக்குப் பக்கத்துலயே ஏசி போட்ட பேக்கரி வேற வந்துட்டுது.

"நிக்கவே முடிலக்கா. கால் சரியாவலன்னா கடைய வுட்டுட வேண்டியதுதான்"னு அழாத குறையா சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல. டாக்டரம்மாகிட்ட அனுப்பி ரத்தம் டெஸ்ட் பண்ண வெச்சேன்.

டாக்டரம்மா புதுசா வந்த சின்னப் பொண்ணு. வாயத் திறந்தா "இப்ப வர்ற ஆராய்ச்சியெல்லாம்"னுதான் ஆரம்பிக்கும். ரிசல்ட் வந்த அன்னிக்கு ஸ்கிரீனுக்குப் பின்னாடி நடந்த பேச்சு இது.

"உங்களுக்கு டீ ரொம்பக் கம்மியா இருக்கு."

"ஆமா மேடம். பேக்கரி வந்ததுலருந்தே கம்மிதான்."

"பேக்கரி வேண்டவே வேண்டாம். முதல்ல அதை நிறுத்துங்க."

"நான் எப்டி மேடம் நிறுத்தறது? அவன் பெரிய கையி."

"மனசு வெச்சா முடியும். இப்ப வர்ற ஆராய்ச்சியெல்லாம் என்ன சொல்லுதுன்னா, இவ்வளவு வெயில் அடிக்கிற ஊர்லயே நிறைய பேருக்கு டீ பத்தலை. நிழல்லயே இருந்தா கிடைக்காது. வெயில்ல நின்னாதான் டீ கிடைக்கும்."

ஏழுமலை நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்துட்டாரு: "இத்தினி நாளா இத எனக்கு ஒருத்தருமே சொல்லல மேடம்."

கவுன்ட்டருக்கு வந்தாரு. டாக்டரம்மா எழுதின பவுடர் பாக்கெட்டுங்களைக் குடுத்தேன். "வாரத்துக்கு ஒண்ணுதான். பால்ல கலக்கணும்."

"எந்தப் பால்லக்கா?"

"இதென்ன கேள்வி? கடையில இருக்கிற பால்லயே கலக்கு."

மறுநாளே நான் லீவு போட்டு வேடந்தாங்கல் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு வந்தா, டீக்கடை முன்னாடி கட்டியிருந்த தார்ப்பாயைக் காணோம். கூரைக்குக் கீழ இருந்த பாய்லர் வெளிய வந்து நடு வெயில்ல நிக்குது. பக்கத்துல ஒரு அட்டை தொங்குது: "வெயிலில் நின்றால்தான் டீ. டாக்டர் உத்தரவு."

ஒரு ஆட்டோக்காரர் கத்திகினு இருந்தாரு. "இன்னா அண்ணாத்த, டீ குடிக்க வந்தமா, கருவாடா காய வந்தமா?"

"நெழல்ல நின்னா டீ கெடைக்காதுப்பா. படிச்சவங்க சொல்லிக்கீறாங்க"ன்னாரு ஏழுமலை. ஆட்டோக்காரர் நேரா பேக்கரிக்குள்ள பூந்துட்டாரு.

அதுகூடப் பரவால்ல. என் கண்ணு முன்னாடியே வைட்டமின் பாக்கெட்டைப் பிரிச்சு, கடைக்கு வெச்ச பால் குண்டான்ல கொட்டினாரு பாருங்க! ஐயையோன்னு ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

"யோவ்! இன்னாய்யா பண்ற?"

"நீதானக்கா கடைப்பால்ல கலக்கச் சொன்ன?"

"நீ குடிக்கறதுக்குய்யா! உனக்குத்தானே டீ கம்மி!"

"எனுக்கின்னாக்கா கம்மி? நான் நெனச்சா ஒரு கேன் குடிப்பேன்."

அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. அது டீயில்ல, ஏ பி சி டின்னு வர்ற வைட்டமின் டின்னு விளக்கறதுக்குள்ள எனக்குத் தொண்டை வறண்டுட்டுது.

"ரத்தத்த பாத்தே யாவாரத்த சொல்றாங்களேன்னு நான் ஆடிப்பூட்டேன்க்கா"ன்னாரு. அப்படியே முகம் செத்துப்போச்சு. "கஸ்டமர் ஒருத்தனும் நிக்கல. நாளிக்கு கடைய பேக்கரிக்காரன்கிட்டயே குடுத்துடறேன்னு சொல்ட்டேன்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "சொன்ன வாயாலயே இல்லைன்னு சொல்லு, போ"ன்னு தள்ளிவிட்டேன். பத்தடி நடந்துட்டுத் திரும்பினாரு.

"அக்கா, கால் கொஞ்சம் தேவல போல கீது."

பின்ன? ரெண்டு வாரமா வெயில்லயே நின்ன ஆளாச்சே.

தார்ப்பாய் மறுபடியும் ஏறிச்சு. கஸ்டமருக்கு நிழல், ஏழுமலைக்கு மட்டும் தினமும் கொஞ்ச நேரம் வெயில். வாரத்துக்கு ஒரு பாக்கெட், அவரோட சொந்த கிளாஸ்ல. டாக்டரம்மா விஷயம் தெரிஞ்சு சிரிச்சு சிரிச்சு, ஸ்டெதாஸ்கோப்போட வந்து வெயில்ல நின்னே ஒரு டீ குடிச்சிட்டுப் போச்சு. அன்னிலருந்து நாங்க ரெண்டு பேரும் "வெயில் சத்து"ன்னுதான் சொல்றது. அப்படித்தான் சொல்லணும்னு ஏழுமலைக்கும் படிச்சுப் படிச்சுச் சொன்னோம்.

மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட். கிளினிக்லருந்து ரிசல்ட்டோட வெளிய வந்த மனுஷனுக்கு சந்தோஷத்துல தலைகால் புரியல. கடை நிறைய கூட்டம். ரோட்டுல நின்னே கையைத் தூக்கிக் கத்தினாரு:

"அக்கா! டீ ஏறிடிச்சி!"

"இன்னாது? போன மாசந்தானே ஏத்தன?"ன்னு எல்லாரும் கிளாஸை டக்குன்னு வெச்சிட்டுக் கிளம்பிட்டாங்க.

"வெல இல்லப்பா! ரத்தத்துல, ரத்தத்துல!"ன்னு கத்திகினே, நிக்கவே முடியலைன்னு புலம்பின அந்த மனுஷன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவங்க பின்னாடியே ஓடினாரு.