எல்லை இல்லை என்று நான்தான் சொன்னேன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். லண்டனில் நெடுங்காலம் இருந்ததில் வந்த திமிர் என்று என் மகள் சொல்வாள். ஊரிலேயே அப்படித்தான் இருந்தேன் என்பது அக்காவுக்குத் தெரியும்.

அந்த அக்காதான் போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து விசிட் விசாவில் செவன் கிங்ஸில் என் வீட்டுக்கு வந்திருந்தார். என்னைப் பார்க்க என்றுதான் பேர். உண்மையில் தம்பியைப் பார்க்க வந்தவர். நாடு நாடாக அலைந்த தம்பி கடைசியில் அயர்லாந்தில், பிரித்தானியாவுக்குச் சேர்ந்த வட அயர்லாந்தின் எல்லையை ஒட்டிய டண்டாக் என்ற ஊரில் இருக்கிறான். அகதி வழக்கு முடியும்வரை அவன் அந்த நாட்டை விட்டு வெளியே வரக்கூடாது. அம்மா செத்தபிறகு அவனை வளர்த்தது அக்கா. அவன் ஊரை விட்டுப் போனபோது மீசை அரும்பியிருந்தது, இப்போது தலை நரைத்துவிட்டது. இடையில் அக்கா அவனைக் கண்ணால் காணவில்லை. இன்னொரு முறை இவ்வளவு தூரம் பறந்துவர உடம்பு விடாது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அங்கை போக வேறை விசா வேணுமோ எண்டு ஒருக்கா ஆரையும் கேட்டுப் பாரன்," என்றார், வந்த மூன்றாம் நாளே.

ஆரையும் கேட்பதாவது. நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பாலும் இறைச்சியும் அடுக்குகிறவள். பெட்டிகளில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று ஒட்டி வரத் தொடங்கியபோது அது ஏன் என்று மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டது, அயர்லாந்து உள்ளேயே இருக்கிறது. ஆனாலும் இரண்டுக்கும் நடுவில் தரையில் காவலரண் போடுவதில்லை என்று ஒப்பந்தம். அதனால் சாமான்களுக்கான சோதனையைக் கடலைத் தாண்டும் இடத்திலேயே முடித்துவிடுகிறார்கள். பிரெக்சிட் என்ற அந்த விலகல் காலம் முழுக்கத் தொலைக்காட்சியிலும் இதே கதைதான், தரையில் எல்லை இல்லை, எல்லை இல்லை என்று.

"அங்கை எல்லையே இல்லையக்கா," என்றேன். "வட அயர்லாந்திலை பெல்ஃபாஸ்டுக்குப் பறந்து, பிறகு பஸ்ஸிலை போறதுதான். நான் எத்தினை தரம் போட்டு வந்தனான்."

போய் வந்தது என் பிரித்தானியக் கடவுச்சீட்டு. அது எனக்கு உறைக்கவே இல்லை. தம்பியும் போனில் கேட்டான், "பெரியக்காவின்ரை பேப்பர் எல்லாம் சரியே?" என்று. "எல்லாம் நான் பாத்திட்டன். நீ சமைச்சு வை," என்று அவன் வாயையும் அடைத்துவிட்டேன்.

பெல்ஃபாஸ்டில் பஸ் ஏறியதிலிருந்து அக்கா கடவுச்சீட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். மடியில் ஒரு பை, அதற்குள் கருவாடும் பருத்தித்துறை வடையும் வறுத்த மிளகாய்த்தூளும். எல்லைக்கு முந்திய ஊரான நியூரி தாண்டியதும், "எங்கை இறங்கி நடக்கிறது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போக ஓமந்தையில் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் மறுபடி ஏறவேண்டும்.

"இது என்ன ஓமந்தையே? உதை உள்ளுக்கு வையுங்கோ, ஆக்கள் பாக்கினம்," என்றேன்.

அவர் அதை உள்ளே வைத்தார். வீதியோரப் பலகைகளில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. "பாத்தீங்களே, நாடு மாறிட்டுது. உங்களுக்குத் தெரிஞ்சதே?" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னார்கள். இரண்டு பொலிஸ்காரர் ஏறி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். என்னுடையதை ஒரு பார்வை பார்த்துத் திருப்பித் தந்தார்கள். அக்காவுடையதை முன்னும் பின்னும் புரட்டினார்கள். பிரித்தானிய விசா இருக்கிறது, அயர்லாந்து விசா எங்கே என்று கேட்டார் மூத்தவர். மரியாதையாகத்தான் கேட்டார். இங்கே எல்லை இல்லையே என்று நான் இழுத்தேன். தரையில் காவலரண் இல்லை என்றால் ஆட்களைக் கேட்கமாட்டார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது என்றும் கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அக்கா.

"இன்னொரு நாட்டுக்குள்ளை வந்தது தெரியாதோ எண்டு கேக்கிறார்."

"தங்கச்சி சொன்னவள் எண்டு சொல்லிப்போடாதை. தெரியாது எண்டு மட்டும் சொல்லு."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வெட்கம் கெட்டவள், சொன்னேன்.

அக்காவை இறக்கினார்கள், நானும் கூடவே இறங்கினேன். வடக்கே திருப்பி அனுப்புவோம், அதற்கு ஒழுங்கு செய்யும்வரை பொலிஸ் வான் வண்டிக்குள் இருங்கள் என்றார்கள். பஸ் புறப்படப் போனபோது அக்கா பையை என் கையில் திணித்தார். நான் ஓடிப்போய் டிரைவரிடம் கொடுத்து, டண்டாக்கில் கறுத்த ஜாக்கெட் போட்ட ஒருவன் நிற்பான், தயவுசெய்து கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அதைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உள்ளே என்ன என்று பொலிஸும் கேட்கவில்லை, டிரைவரும் கேட்கவில்லை.

கால்மணி நேரத்தில் தம்பி போன் எடுத்தான். "பை வந்திட்டுது. அக்கா எங்கை?"

அக்கா போனைப் பறித்தார். "தம்பி, நான்தானடா. பெல்ஃபாஸ்டிலை பஸ் ஏறேக்கை முழங்கால் பிடிச்சிட்டுது. ஏலாமல் போச்சு. பையை மட்டும் டிரைவரிட்டைக் குடுத்துவிட்டனாங்கள். சின்னக்கா வெளிக்கிடச் சொன்னவள், நான்தான் வரேல்லை எண்டிட்டன்." குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. போனை வைத்துவிட்டு, "நீ சொன்னதை நம்பித்தானே அவன் இருந்தவன். உன்னிலை கோவிச்சால் அவனுக்கு இஞ்சாலை வேறை ஆர் இருக்கினம்?" என்றார்.

ஜன்னலால் பார்த்தால் டண்டாக் போகும் வீதி தெரிந்தது. பால் லொறி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. சாமானுக்குத்தான் தரையில் எல்லை இல்லை என்று மேனேஜர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். ஆளுக்கும் இல்லை என்று எடுத்துக்கொண்டது என் விசர்ப் புத்தி.

அடுத்த கிழமை அக்கா ஊருக்குப் போய்விட்டார். தம்பியைப் பார்க்காமலே போனார். திருப்பி அனுப்பிய முத்திரை கடவுச்சீட்டில் இருக்கிறது, இனி விசா கேட்டாலும் அதற்கும் பதில் சொல்லவேண்டும். அக்கா என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தம்பி இப்போது அவருக்குப் போன் எடுப்பதே குறைவு. தம்பிக்கு உண்மையைச் சொல்லிவிடவா என்று அக்காவிடம் இரண்டு தரம் கேட்டேன், வேண்டாம் என்றார். அந்த வேண்டாம் எனக்கு வசதியாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். போன ஞாயிறு ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது தம்பி என்னைக் கூப்பிட்டான். வழக்கம்போல் வேலை, வழக்கு என்று கதைத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினான்.

"சின்னக்கா, ஒண்டு கேக்கிறன். யாழ்ப்பாணத்திலை இருந்து லண்டன் வர ஏலுமான மனிசிக்கு, அங்காலை ஒரு பஸ் ஏற ஏலாமல் போச்சே? என்னைப் பாக்க விருப்பமில்லாட்டில் விருப்பமில்லை எண்டு சொல்லியிருக்கலாம்."

"அப்பிடியில்லையடா," என்றேன்.

"அப்ப என்ன? உண்மையா முழங்காலே?"

கடைக்காரர் என் முருங்கைக்காய்க் கட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஓம்," என்றேன். "முழங்கால்தான்."